யூடியூப் சனல் தொடங்குவோம் – நிதானமாக



சம்பள நாளன்று அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஐயா, எங்க மவன் ஒரு வேலைக்கும் போக மாட்டேங்கிறான். யூடியூப்புல சனல் போட்டு லட்சக்கணக்குல சம்பாதிக்கப் போறேன்னு போனைத் தூக்கிக்கிட்டே திரியிறான். அதுல நெசமாவே காசு வருமா, இல்ல இதுவும் ஏமாத்து வேலைதானா?" என்று கேட்டார்.

"வரும் அம்மா, ஆனா..." என்று நான் தொடங்குவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொல்லாமல் விட்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன். நான் கம்பியூட்டர் படித்தவன் அல்லன். என் மகளிடமும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் கேட்டு, நானும் செய்து பார்த்து, தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து வாசித்தால் நல்லது.

1. சனல் என்றால் என்ன?

முன்பு ஒரு படத்தை நாலு பேர் பார்க்க வேண்டுமானால் தொலைக்காட்சி நிலையத்தார் மனம் வைக்க வேண்டும். இப்போது யாரும் தங்கள் வீடியோவை யூடியூப்பில் போடலாம். நம் பெயரில் அங்கே ஒதுக்கப்படும் இடத்துக்குத்தான் சனல் என்று பெயர். அதற்குக் கட்டணம் இல்லை. கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும்.

யூடியூப்பில் முதன்முதலாகப் போடப்பட்ட வீடியோ 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி ஏற்றப்பட்டது. அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் ஒரு இளைஞர் நின்று, இவற்றின் தும்பிக்கை நீளமானது என்று சொல்கிறார். 19 விநாடிதான். பெரிய கமராவும் இல்லை, மேடையும் இல்லை. ஆகவே, "என்கிட்ட நல்ல போன் இல்லையே" என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

2. நம்மைப் போன்றவர்கள் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்று ஒரு ஊர் உண்டு. நம் முன்னோர் இலங்கைக்கு வந்தது போலவே தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சம் வாழும் பகுதி அது. அங்கே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த சுகுவும் அவர் மனைவி பவித்ராவும் 2020ஆம் ஆண்டு சமையல் சனல் ஒன்று தொடங்கினார்கள். தங்கள் சிறிய வீட்டு அடுப்படியில் அன்றாடம் சமைப்பதையே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, மலாய் மொழியில் விளக்கம் சொன்னார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மலேசிய மக்கள் அதை விரும்பிப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே லட்சக்கணக்கானோர் அந்தச் சனலில் சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பம் 2018இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற சனலைத் தொடங்கியது. ஒரு தாத்தாவும் அவருடைய பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் பெரிய சட்டி வைத்துச் சமைத்தார்கள். 2021இல் அந்தச் சனலில் சேர்ந்தவர்கள் தொகை 1 கோடியைத் தாண்டியது.

இந்த இரண்டு குடும்பங்களும் தங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தை, தங்கள் இடத்திலேயே, தங்கள் பேச்சிலேயே திரும்பத் திரும்பச் செய்தன. இதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் போலவே நமக்கும் லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். அவர்களைப் போல் தொடங்கி, நூறு பேர் கூடச் சேராமல் நின்றுபோன சனல்கள் எத்தனையோ. அவற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

3. எதைக் காட்டுவது?

"தோட்டத்துல காட்ட என்ன ஐயா இருக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். நாம் தினமும் பார்ப்பதால் நமக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டு இலையும் ஒரு அரும்பும் என்று உலகமெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் வங்கிக் கொழுந்து எது, முத்தின இலை எது, மட்டக்கம்பு எதற்கு, கவ்வாத்து வெட்டின மலை மறுபடி எப்படித் துளிர்க்கிறது என்பதெல்லாம் தேயிலை குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவற்றைச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் கூடை சுமக்கிறவர்கள்தான்.

இன்னும் பாருங்கள். காலையில் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியும் சம்பலும், வீட்டுத் தோட்டத்தில் கரட், லீக்ஸ், கீரை போடும் விதம், மாடு வளர்ப்பு, தையல் வேலை, திருவிழா, மாசி பங்குனியில் ஆடும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று எவ்வளவோ இருக்கின்றன. கூத்து ஆடத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்கள் வாய்வழியாகப் பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அதனால்தான் அவை இன்று நமக்கு மிஞ்சியிருக்கின்றன. அவர் கையில் பேனா இருந்தது. நம் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது.

2023ஆம் ஆண்டு மலையகத்துக்கு 200 வருடம் என்று எல்லா இடத்திலும் கூட்டம் நடந்தது. அந்த 200 வருடத்தில் நம்மைப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒன்று, சிரித்துக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண்ணை எடுத்தார்கள். இல்லாவிட்டால் ஒழுகும் லயத்தில் அழும் கிழவியை எடுத்தார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள நம் முழு வாழ்க்கையை நாம்தான் காட்ட முடியும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். இன்று சமையல், நாளை சினிமாச் செய்தி, மறுநாள் அரசியல் என்று போட்டால், சமையலுக்கு வந்தவர் அடுத்த வாரம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

4. தொடங்கும் முறை

அ) சனலுக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள். போன் தொலைந்தாலும் சனல் தொலையாது.

ஆ) கூப்பிடவும் எழுதவும் சுலபமான பெயராக வையுங்கள். தமிழில் வைப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இ) போன் இலக்கத்தைக் கொடுத்துச் சனலை உறுதிப்படுத்துங்கள். அப்படிச் செய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற முடியாது.

ஈ) முதல் மூன்று நாலு வீடியோவை எடுத்து முடித்து, கையில் வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். வேலை அதிகமான வாரத்தில் அது கைகொடுக்கும்.

5. படம் எடுக்கும்போது

வெளிச்சம்: லயக் காம்பராவுக்குள் இருட்டு. இஸ்தோப்பில் அல்லது வாசற்படி அருகே இருந்து எடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கறுத்துப் போகும்.

சத்தம்: படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சுக் கேட்காவிட்டால் உடனே போய்விடுவார்கள். தகரக் கூரையில் மழை பெய்யும்போதும் மலையில் காற்று அடிக்கும்போதும் பேசி எடுக்காதீர்கள். போனுக்கு இரண்டு முழத்துக்குள் நின்று பேசுங்கள். காதில் மாட்டும் வயரில் உள்ள மைக் கூட உதவும்.

ஆடாமல் எடுத்தல்: போனுக்குத் தாங்கி வாங்கக் கடன்பட வேண்டாம். ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இரண்டு செங்கல்லுக்கு இடையில் போனைச் சாய்த்தால் போதும். நீளமான வீடியோவுக்குப் போனைப் படுக்கையாக வையுங்கள். 'ஷோர்ட்ஸ்' என்னும் குறும் வீடியோவுக்கு மட்டும் நிமிர்த்திப் பிடியுங்கள். 2024 ஒக்டோபர் முதல் குறும் வீடியோ 3 நிமிடம் வரை இருக்கலாம்.

தொடக்கம்: "வணக்கம் நண்பர்களே, என் சனலுக்கு ஆதரவு தாருங்கள்" என்று ஒரு நிமிடம் பேசாதீர்கள். என்ன காட்டப் போகிறீர்கள் என்பதை முதல் பத்து விநாடிக்குள் சொல்லிவிட்டு வேலைக்கு இறங்குங்கள்.

டேட்டா: சாதாரண போனில் 1080 என்ற அளவில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 எம்.பி. ஆகும். ஐந்து நிமிடம் என்றால் 500 எம்.பி. 720 அளவில் எடுத்தால் ஏறத்தாழ அதில் பாதிதான். ஆரம்பத்தில் அதுவே தாராளம். வீட்டுச் சாமானுக்கு வைத்த காசில் டேட்டா போட வேண்டாம். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே வீட்டில் பேசி ஒதுக்குங்கள்.

வேலை நேரத்தில், மலையில் சரிவான இடத்தில் நின்று, ஒரு கையில் போனும் ஒரு கையில் கொழுந்துமாக எடுக்க வேண்டாம். வழுக்கி விழுந்தால் சனல் வந்து காப்பாற்றாது. தொழிற்சாலைக்குள்ளும் அலுவலகத்திலும் எடுப்பதானால் துரையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

6. ரவுண்டு தவறக் கூடாது

ஏழு நாளுக்கு ஒருமுறை மலையைச் சுற்றி வருகிறோம். ரவுண்டு பிந்தினால் கொழுந்து முத்திப் போகிறது. சனலும் அப்படித்தான். ஒரே நாளில் ஐந்து வீடியோவைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் சும்மா இருப்பதை விட, வாரம் ஒன்று, அதே கிழமையில், அதே நேரத்தில் போடுவது மேல்.

கன்று நட்ட மறுநாள் யாரும் கூடையை மாட்டிக்கொண்டு போவதில்லை. குழி வெட்டி, நட்டு, நிழல் கொடுத்து, களை எடுத்து, மூன்று நாலு வருடம் காத்திருந்துதான் கொழுந்து எடுக்கிறோம். முதல் பத்து வீடியோவை உங்கள் வீட்டாரும் அடுத்த லயத்தாரும் மட்டுமே பார்த்தாலும் மனம் உடைய வேண்டாம். ஒவ்வொரு வீடியோவையும் ஜனங்கள் எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று யூடியூப் ஸ்ரூடியோ என்ற செயலியில் கோடு போட்டுக் காட்டும். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். அடுத்த முறை திருத்துங்கள். இதைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது.

7. காசுக் கணக்கு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். வீடியோ போட்ட உடனே காசு வராது. விளம்பரப் பங்கு கிடைக்க வேண்டுமானால் சனலில் 1,000 பேர் சேர்ந்திருக்க வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் ஜனங்கள் உங்கள் வீடியோக்களைப் பார்த்த நேரம் மொத்தம் 4,000 மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 90 நாளில் குறும் வீடியோக்கள் 1 கோடி தடவை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பித்து, அவர்கள் சனலைப் பரிசீலித்துச் சம்மதிக்க வேண்டும்.

4,000 மணித்தியாலம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 80,000 தடவை பார்க்கப்பட வேண்டும். ஒரு வருடத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 220 தடவை. இது முடியாத காரியம் அல்ல. ஆனால் ஒரு மாதத்தில் நடக்கிற காரியமும் அல்ல.

அதற்குப் பிறகு நீளமான வீடியோவில் வரும் விளம்பரக் காசில் 100க்கு 55 பங்கு உங்களுக்கு, 45 பங்கு யூடியூப்புக்கு. உங்கள் கணக்கில் 100 டொலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு அனுப்புவார்கள். சில சனல்களுக்கு அது ஒரு மாதத்தில் சேரும். சிலவற்றுக்கு ஒரு வருடமும் ஆகும். ஆகவே தம்பிமாரே, இருக்கிற வேலையை விட்டுவிட்டுச் சனலை நம்பி உட்காராதீர்கள். வேலையும் இருக்கட்டும், சனலும் இருக்கட்டும். சனல் சொந்தக் காலில் நிற்கும் நாள் வந்தால் அன்றைக்கு யோசிக்கலாம்.

8. பெயரும் முகவரியும்

இந்தப் பகுதியை நம் தோட்டத்து மக்கள் இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

சனலில் 10 டொலர் அளவு சேர்ந்ததும், முகவரி சரியா என்று பார்க்க, ஒரு இரகசிய இலக்கம் கொண்ட கடிதத்தைத் தபாலில் அனுப்புவார்கள். அது வந்து சேர சாதாரணமாக இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நாலு மாதத்துக்குள் அந்த இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். நகரத்தில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. நமக்கோ வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாமல், தோட்டத்தின் பெயரும் டிவிசன் பெயரும் மட்டுமே பல இடங்களில் முகவரியாக இருக்கின்றன. ஒரே டிவிசனில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, ஒரு கட்டில் கிடந்து, யார் கையிலோ போய்ச் சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்து வேலையை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

ஆகவே முகவரி கொடுக்கும்போது தகப்பன் பெயரின் முதலெழுத்து, லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், டிவிசன், தோட்டம், தபாலகம் எல்லாவற்றையும் வரிசையாகப் பதியுங்கள். இப்படி ஒரு கடிதம் வரவிருக்கிறது என்று அலுவலகத்தில் தபால் பிரிப்பவரிடம் நேரில் போய்ச் சொல்லி வையுங்கள்.

பெயர் விஷயமும் அப்படியே. அடையாள அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் சனலின் பணக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று இருந்ததால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்க அலைந்த பெற்றோர்கள் எத்தனை பேர்! அந்தக் கஷ்டம் பிள்ளைகளுக்கும் வர வேண்டாம். பெயரில் பிழை இருந்தால் காசு வரும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். இதற்கு என்னைப் போன்ற உத்தியோகத்தர்களிடம் வந்தால் வழி சொல்வோம்.

பணக் கணக்குத் திறக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வயது குறைந்த பிள்ளையாக இருந்தால் தாய் தகப்பன் பெயரில் திறக்க வேண்டும்.

9. அடுத்தவர் சொத்து

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் வீடியோ நன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அவர் உரிமை கோரினால் அந்த வீடியோவில் வரும் காசு அவருக்குப் போகும். முறைப்பாடு செய்து வீடியோவை நீக்கச் சொன்னால் சனலுக்கு ஒரு எச்சரிக்கை விழும். 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்தால் சனலையே மூடிவிடுவார்கள். யூடியூப்பே இலவசமாகப் பாவிக்கக் கொடுக்கும் இசைகள் இருக்கின்றன. அவற்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் நம் தோட்டத்துத் தப்புச் சத்தத்தையே பதிந்து போடுங்கள்.

"ஆயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறோம், இவ்வளவு ரூபா கொடு" என்று கேட்பவர்களை நம்பாதீர்கள். அவர்கள் சேர்ப்பது பொய்யான கணக்குகள். யூடியூப் அதைக் கண்டுபிடித்து நீக்கிவிடும். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

10. பீலிக்கரையில் நடந்தது

இனி நான் சொல்லப் போவது எனக்கும் வெட்கமான கதை.

என் பொறுப்பில் உள்ள ஒரு தோட்டத்தில், ஒரு தம்பி சனல் தொடங்கி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. சமையல், கோயில் திருவிழா என்று ஒழுங்காகத்தான் போட்டு வந்தார். பார்ப்பவர்கள் ஐம்பது, அறுபது பேர். ஒரு நாள் காலை பீலிக்கரையில் தண்ணீருக்காக இரண்டு பெண்களுக்குள் சண்டை வந்தது. வாய்ச் சண்டை முற்றி, ஒரு குடும்பத்துப் பழைய கதைகளெல்லாம் வெளியே வந்தன. அந்தத் தம்பி அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

எனக்கும் யாரோ அனுப்பினார்கள். நானும் பார்த்தேன். சிரித்தேன். இன்னொரு உத்தியோகத்தருக்கு அனுப்பியும் விட்டேன்.

மூன்றாம் நாள் பாடசாலையிலிருந்து தகவல் வந்தது. அந்தப் பெண்களில் ஒருவரின் மகள், பத்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றது. வெளியே வரவில்லை. தாய் சொன்னார்: "ஐயா, நாங்க பீலிக்கரையில போட்ட சண்டை அன்னைக்குச் சாயந்தரமே தீந்துருச்சு. அவளும் நானும் மறுநாள் ஒண்ணாத்தான் மலைக்குப் போனோம். ஆனா இது மட்டும் தீர மாட்டேங்குதே."

என் போனிலும் அந்த வீடியோ இருந்தது. அவருக்கு என்ன பதில் சொல்ல?

அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். திட்டத்தான் நினைத்தேன். ஆனால் அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசினேன். அவர் நல்ல பிள்ளை. அன்றே வீடியோவை நீக்கினார். இரண்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் இறக்கி, தங்கள் பெயரில் போட்டுவிட்டார்கள். அவற்றில் சிலவற்றை முறைப்பாடு செய்து எடுக்க முடிந்தது. சிலவற்றை எடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை மறுபடி பாடசாலைக்கு வர ஆறு வாரம் எடுத்தது. அவளுடைய வகுப்பாசிரியை வாரா வாரம் வீட்டுக்கு வந்து பேசியதால்தான் அதுவும் நடந்தது.

நம் லயத்து வாழ்க்கையில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் கேட்டதைக் கேட்காதது போல் இருந்து, ஒருவர் மானத்தை ஒருவர் மூடிக் காத்துத்தான் இவ்வளவு காலமும் வாழ்ந்திருக்கிறோம். சனல் என்பது அந்தச் சுவரில் போடும் சன்னல். திறப்பவர் கையில்தான் அதன் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

11. கட்டாயம் கவனிக்க வேண்டியவை

• ஒருவரைப் படம் எடுக்கு முன் கேளுங்கள். போடு முன் அவரிடம் காட்டுங்கள். "வேணாம்" என்றால் விட்டுவிடுங்கள்.

• குளிக்கும் இடம், பிள்ளைக் காம்பரா, வைத்தியசாலை, செத்த வீடு ஆகிய இடங்களில் எடுக்க வேண்டாம்.

• சிறு பிள்ளைகளின் முகம், பாடசாலைச் சீருடை, போய் வரும் பாதை, நேரம் இவற்றைக் காட்டாதீர்கள். பிள்ளைகளுக்காகவே செய்யப்பட்ட வீடியோவாக இருந்தால் அப்படி என்று குறிப்பிட வேண்டும். அதற்கு யூடியூப் கருத்துப் பகுதியை மூடிவிடும்.

• பெண் பிள்ளைகள் சனல் நடத்தினால் குரலையும் கையையும் மட்டும் காட்டிக்கூட நடத்தலாம். தப்பான கருத்துப் போடுபவர்களுக்குப் பதில் எழுதாமல் தடை செய்யுங்கள். எவராவது படத்தைக் காட்டி மிரட்டினால் பயந்து ஒளிக்க வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லுங்கள். சிறுவர் விஷயமானால் 1929, பொலிஸுக்கு 119. தப்புச் செய்தவன் மிரட்டியவன்தான், பிள்ளை அல்ல. வீட்டாரும் பிள்ளையை அடிக்காமல், போனைப் பிடுங்காமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

• தோட்டத்தில் குறை இருந்தால் எடுத்துச் சொல்வது உங்கள் உரிமை. ஒழுகும் கூரையையும் உடைந்த பாதையையும் காட்டலாம். ஆனால் கேள்விப்பட்டதைக் கண்டது போல் சொல்லாதீர்கள். மண் சரிவு, வெள்ளம் போன்ற நேரத்தில் பழைய படத்தை இன்றைய படம் என்று போடுவது பெரிய பாவம். பொய்த் தகவல் பரப்புவதைப் பற்றி 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பேசுகிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

12. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு திரிகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சரியாகச் செய்தால் பேசப் பழகும், எழுதப் பழகும், சொன்ன நாளில் சொன்ன வேலையை முடிக்கப் பழகும். காசு வராவிட்டாலும் இவை வரும்.

முன்னே சொன்ன தம்பி சனலை மூடவில்லை. ஆறு மாதம் நிறுத்தி வைத்திருந்து, பிறகு தன் தாத்தாவை உட்கார வைத்துக் காமன் கூத்துப் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடச் சொல்லிப் பதிந்து வருகிறார். பார்ப்பவர்கள் இப்போதும் சில நூறு பேர்தான். ஒரு ரூபாவும் இன்னும் வரவில்லை. அவர் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் படம் எடுக்கிறார். ஒரு வீடியோவின் கீழ், கனடாவில் இருக்கும் ஒருவர், "எங்க அப்பா பாடின பாட்டு, இருபது வருசத்துக்குப் பிறகு இன்னைக்குத்தான் கேட்டேன்" என்று எழுதியிருந்தார். தம்பி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பீலிக்கரைச் சண்டை நடந்த வீட்டு அம்மாவும் ஒரு பாட்டுப் பாடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவராகவே முன்வந்து சொன்னது.

இளைஞர் கழகத்திலும் மாதர் சங்கத்திலும் கலந்து பேச:

1. நம் தோட்டத்தில் நமக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஐந்து விஷயங்கள் எவை?

2. யாரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது? ஏன்?

3. நம் லயத்து முகவரியைச் சரியாக எழுதினால் எப்படி இருக்கும்? ஒவ்வொருவரும் எழுதிப் பார்க்கவும்.

4. அடுத்தவர் மானம் போகும் வீடியோ நம் போனுக்கு வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

நாலாவது கேள்விக்கு என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அனுப்பாமல், அங்கேயே அழிக்க வேண்டும். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்